22 வயசுல வழுக்கை ஆரம்பிக்குதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

கேள்வி கேட்டவருக்கு 22 வயது. தலை சீவினால் சீப்பில் முடி வருகிறது, அப்பாவுக்கு வழுக்கை, தனக்கும் தொடங்கிவிட்டதா என்று ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க வழி உண்டா என்கிறார்.

உண்டு. மதுரை செல்லூரில் சலூன் வைத்திருக்கிறேன், அப்பா காலத்துக் கடை. ஒருத்தருடைய உச்சந்தலையை அவரைவிட நாங்கள்தான் அதிகம் பார்க்கிறோம். மருந்து, ஹார்மோன் விஷயங்களை மட்டும் கடைக்கு வரும் தோல் டாக்டர் ஒருவரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

முதலில், உதிர்ந்த முடியை எண்ணுவதை நிறுத்துங்கள் தம்பி. தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கும். தினமும் 50-லிருந்து 100 வரை உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். ஒரு முடி சில வருடங்கள் வளரும், மூன்று மாதம் போல சும்மா இருக்கும், பிறகு உதிரும். அதே குழியில் புதுசு முளைக்கும். அடியில் வெள்ளையாகக் குட்டிக் குமிழோடு ஒரு முடி கையில் வந்துவிட்டால், “அண்ணே, வேரோட பிடுங்கிட்டு வந்துருச்சுண்ணே” என்று பையன்கள் பதறுகிறார்கள். அந்தக் குமிழ் பழைய முடியின் அடிமுனைதான். வேர்க்குழி தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது.

வழுக்கை விழும்போது நடப்பது வேறு. விழுந்த இடத்தில் மறுபடி முளைக்கிற முடி முன்னைவிட மெலிசாக, குட்டையாக முளைக்கும். அடுத்த தடவை இன்னும் மெலிசாகும். கடைசியில் பூனைமுடியாகி, கண்ணுக்கே தெரியாமல் போகும். டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உடம்பு உண்டாக்குகிற டிஹெச்டி என்ற ஹார்மோன் பட்டுப் பட்டு வேர்க்குழி சுருங்குவதால் வருவது இது. நெற்றியோரத்துக் குழிகளும் உச்சிக் குழிகளும்தான் இதற்கு மாட்டும். பின்மண்டையிலும் காதுக்கு மேலேயும் இருப்பவை பெரும்பாலும் அசைந்து கொடுக்காது. முழு வழுக்கை விழுந்தவருக்கும் பின்னால் ஒரு பட்டை நிற்கிறதே, காரணம் இதுதான். முடி நடுகிறவர்களும் அங்கிருந்துதான் எடுத்து நடுகிறார்கள்.

அதனால் உங்கள் தலையை அடுத்தவன் தலையோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் பின்மண்டையோடு உங்கள் உச்சியை ஒப்பிடுங்கள். வெட்டும்போது நான் செய்வதும் அதுதான். பின்னால் ஒரு முடியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டுவேன். கெட்டியாகத் தட்டுப்படும். அப்புறம் உச்சியில் ஒன்று, நெற்றியோரத்தில் ஒன்று. மூன்றும் ஒரே மாதிரி இருந்தால் கவலை இல்லை. உச்சி முடி மக்காச்சோளக் கதிரின் நூல் மாதிரி விரலில் நிற்காமல் நழுவினால், கெட்டி முடிக்கு நடுவே மெலிசு முடிகள் கலந்து கலந்து வந்தால், கண்ணாடியில் ஒன்றும் தெரியாவிட்டாலும் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். தோல் டாக்டர்கள் டெர்மாஸ்கோப் என்ற, தோலைப் பெரிதாக்கிக் காட்டுகிற கருவி வைத்துத் தேடுவதும் இந்தக் கலப்பைத்தான். தலையணையில் கிடக்கிற முடியிலும் இது தெரியும். நீளமுடி கிடந்தால் விடுங்கள். வெட்டே படாத கூர்நுனியோடு, ஒரு அங்குலம்கூட இல்லாத மெல்லிய முடிகள் நிறையக் கிடந்தால் யோசியுங்கள்.

இன்னொரு நல்ல சந்தர்ப்பம் மொட்டை. அழகர்கோவிலிலோ பழனியிலோ மொட்டை போட்டுவிட்டு இரண்டு மூன்று வாரத்தில் கிருதா ஒதுக்க வருவார்கள். எல்லா முடியும் ஒரே உயரத்தில் நிற்கும் அந்த நேரத்தில் ஒளித்து வைக்க இடமே கிடையாது. பின்பக்கம் கறுப்பாக அடர்ந்திருக்கும், உச்சியில் ஒரு வட்டம் மட்டும் வெளிறித் தெரியும். மொட்டை போட்டால் அடர்த்தியாக முளைக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். வெட்டுப்பட்ட நுனி மழுங்கலாக இருப்பதால் கைக்குச் சொரசொரவென்று அப்படித் தெரியும், அவ்வளவுதான். கத்தி வேர் வரைக்கும் போவதில்லை.

ஏறுநெற்றி பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. 17 வயதிலிருந்து இருபதுகளுக்குள் பல ஆண்களுக்கு நெற்றிக்கோடு கொஞ்சம் மேலே ஏறும். புருவத்தைத் தூக்கிப் பாருங்கள். மேல் சுருக்கத்திலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி முடி தொடங்கினால் அது வயதுக்கு வந்த நெற்றி. இரண்டு ஓரமும் உள்ளே குடைந்துகொண்டு போனாலும், ஓரத்து முடி வளராமல் பூனைமுடியாக நின்றாலும்தான் சந்தேகப்பட வேண்டும். சுழி இருக்கிற இடத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் தோல் தெரியும், இரட்டைச் சுழிக்காரர்களுக்கு இன்னும் கூடுதலாக. ஈரத்தலையை டியூப்லைட்டுக்குக் கீழே பார்த்துக் கலங்காதீர்கள். காய்ந்த தலையை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டோ எடுங்கள். சுழி வட்டம் பெரிசாகிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

டெங்கு, டைபாய்டு மாதிரிக் கடுமையான காய்ச்சல் வந்துபோன இரண்டு மூன்று மாதத்தில் தலை முழுக்கக் கொத்துக் கொத்தாகக் கொட்டும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், ஆறேழு மாதத்தில் பெரும்பாலும் தானே திரும்பிவிடும். காசு அளவில் வழவழவென்று திட்டாகப் போனால் அது புழுவெட்டு, அதற்கு வைத்தியம் வேறு. கண்டதைத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஹாஸ்டல் பையன்கள் போர் தண்ணியைத் திட்டுகிறார்கள், பைக் ஓட்டுகிறவர்கள் ஹெல்மெட்டைத் திட்டுகிறார்கள். உப்புத் தண்ணீரில் முடி வறண்டு சிக்குப் பிடிக்கும், நடுவில் ஒடியும். நெற்றியோரத்திலும் உச்சியிலும் மட்டும் தேடிப்போய் மெலிய வைக்காது. பரம்பரை என்றால் அப்பாவை மட்டும் பார்க்காதீர்கள், அம்மா பக்கத்துத் தாத்தாவையும் மாமாக்களையும் பாருங்கள். இரண்டு பக்கமும் சேரும்.

எனக்கு உண்மையிலேயே மனசு கேட்காத இடம் இதுதான். விளம்பரம் பார்த்து எண்ணெய் வாங்கி, ஒன்று சரியில்லை என்று இன்னொன்று வாங்கி, இரண்டு மூன்று வருடம் ஓட்டிவிட்டு வருகிறார்கள். எண்ணெய் முடியை மிருதுவாக்கும், சுருங்கிப்போன குழியைத் திறக்காது. மெலிந்த முடியைக் காப்பாற்றலாம், அடியோடு போன பிறகு மருந்தால் கொண்டுவருவது கஷ்டம். சீக்கிரம் கண்டுபிடியுங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

மருந்து இருக்கிறது. மினாக்சிடில் ரத்த அழுத்த மாத்திரையாக இருந்தது. சாப்பிட்டவர்களுக்கு முடி வளர்வதைப் பார்த்து, தலையில் தடவுகிற மருந்தாக்கினார்கள். 1988-ல் அமெரிக்காவில் ஆண்கள் வழுக்கைக்கு அனுமதி கிடைத்தது. தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டலாம், அதைப் பார்த்துப் பாதியில் விடுகிறவர்கள் நிறைய. பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் வந்தது போய்விடும். ஃபினாஸ்டிரைடு மாத்திரை டிஹெச்டியைக் குறைக்கிறது. சிலருக்கு ஆண்மை சம்பந்தமான தொந்தரவும் மனச்சோர்வும் வருவதுண்டு. ஆகவே நண்பன் சாப்பிடுகிறான் என்று மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடவே கூடாது.

மதுரைக்காரர் என்றால், கையில் காசு இல்லாவிட்டாலும் பெரியாஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய் ஓபி சீட்டு போடுங்கள். போகும்போது இரண்டு மூன்று வருடத்துக்கு முந்தைய போட்டோக்களை எடுத்துப் போங்கள். எண்ணெய் வைக்காமல் போங்கள். சமீபத்தில் வந்த காய்ச்சல், சாப்பிடுகிற மாத்திரை, ஜிம்மில் எடுக்கிற ஊசி இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.