தீயணைப்பு வண்டியை வெளியாள் பழுது பார்க்கலாமா? லண்டன் கதையும் சில கேள்விகளும்

இங்கிலாந்தில் வண்டிப் பராமரிப்பு ஒப்பந்தங்களோடு பல வருஷம் மல்லுக்கட்டியவன் நான். லண்டனின் தீயணைப்பு வண்டி ஒப்பந்தம் 2 பவுண்டுக்குக் கைமாறியதைப் பேச்சுவாக்கில் சொல்லப்போக, கேள்விகள் குவிந்துவிட்டன. வந்த வரிசையிலேயே பதில்.

திருச்சியிலிருந்து: அண்ணே, 2 பவுண்டு என்பது நிஜமா? ஒரு டயர்கூட வராதே!

நிஜம்தான் தம்பி. 2001இல் லண்டன் தீயணைப்புப் படை 20 வருஷ ஒப்பந்தம் ஒன்று போட்டது. பழுது பார்ப்பது மட்டும் இல்லை, வண்டி வாங்கித் தருவது, ஏணி, ஹோஸ் உட்பட எல்லாமே ஒப்பந்தக்காரர் பொறுப்பு. வண்டிகள் படையின் சொத்தாக இல்லாமல் போயின. படை மாதாமாதம் கட்டணம் மட்டும் கட்டியது. ஒப்பந்தம் அசெட்கோ என்ற கம்பெனியிடம் இருந்தது. 2011இல் அந்தக் கம்பெனி கடனில் மூழ்கி, அதைக் கலைக்கச் சொல்லிக் கடன் கொடுத்தவர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். மறு வருஷம் லண்டன் ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருந்த பிரிவை ஒரு முதலீட்டு நிறுவனம் 2 பவுண்டு கொடுத்து வாங்கியது. கடனையும் சேர்த்துத் தலையில் சுமக்க வேண்டும் அல்லவா, அதனால் அந்த விலை.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. கணக்கைச் சரியாகத் தணிக்கை செய்யவில்லை என்று அசெட்கோவின் புது நிர்வாகம் கிராண்ட் தார்ன்டன் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. 2019இல் தீர்ப்பு: 2 கோடி பவுண்டுக்கு மேல் இழப்பீடு. கம்பெனி உள்ளே அரித்துக்கொண்டிருந்தது ஏட்டில் தெரியவில்லை. லண்டன்காரர்கள் மட்டும் எப்படிக் கண்டுபிடித்திருப்பார்கள்?

சென்னையிலிருந்து: அப்படியானால் தனியாரிடம் கொடுத்ததே தப்பு என்கிறீர்களா?

இல்லை. இவ்வளவு நடந்த பிறகும் 2014இல் லண்டன் மறுபடி வெளியாளிடம்தான் போனது. இந்த முறை பாப்காக் நிறுவனம், 21 வருஷம். என் குறை வேறு. பழுது பார்ப்பவர் சரியில்லை என்றால் ஆளை மாற்றிவிடலாம். வண்டியே அவர் கையில் இருந்தால் எப்படி மாற்றுவது? ஸ்பேனரைக் கொடுங்கள், ஆர்.சி. புத்தகத்தைக் கொடுக்காதீர்கள் என்றுதான் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிவருகிறேன்.

கோவையில் லாரி ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்: தீயணைப்பு வண்டியும் லாரிதானே சார்? அதுவும் வருஷத்துக்குக் கொஞ்ச தூரம்தான் ஓடும். எங்களால் முடியாதா?

நல்ல கேள்வி. சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் வரைக்கும் உங்களால் தாராளமாக முடியும். தகராறு அதற்கு மேலேதான்.

லாரி சூடேறி, நிதானமாக ஓடும். இதுவோ ஆறிக் கிடக்கும் இன்ஜினை ஸ்டார்ட் செய்த நிமிஷமே முழு வேகம். டேங்கில் தண்ணீர் எப்போதும் நிரம்பியே இருப்பதால் ஸ்பிரிங்குக்கும் பிரேக்குக்கும் ஓய்வே கிடையாது. தீ எரியும் இடத்தில் வண்டி நிற்கும், இன்ஜின் பம்பைச் சுற்றிக்கொண்டிருக்கும். அப்போது கிலோமீட்டர் மீட்டர் அசையாது. நின்றபடி ஒரு மணி நேரம் ஓடினால் 50 கி.மீ. ஓடிய தேய்மானம் என்பது எங்கள் தொழிலில் ஒரு உத்தேசக் கணக்கு. கிலோமீட்டரைப் பார்த்து ஆயில் மாற்றினால் இன்ஜின் போய்விடும், மணிக்கணக்கைப் பாருங்கள்.

பம்ப் தனிக் கலை. அமெரிக்காவில் வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு பம்புக்கும் சோதனை உண்டு: 150 பிஎஸ்ஐ அழுத்தத்தில் முழு அளவுத் தண்ணீரை 20 நிமிஷம் தள்ள வேண்டும், 200இல் 70 சதவீதம், 250இல் பாதி, தலா 10 நிமிஷம். காற்று இழுக்கிறதா என்று பார்க்க வெற்றிடச் சோதனை வேறு. டயர் தேயாமலே இருந்தாலும் 7 வருஷத்தில் மாற்றச் சொல்கிறது அவர்கள் விதி. ஓடாமல் நிற்கும் ரப்பரும் கிழடாகும். ஆளைத் தூக்கும் ஏணி என்றால் பிரிட்டனில் 6 மாதத்துக்கு ஒரு தடவை முழுப் பரிசோதனை.

கோலாலம்பூரிலிருந்து: ஒப்பந்தத்தில் அபராதம் எழுதிவிட்டால் வேலை ஒழுங்காக நடக்காதா?

நடக்கும், ஏட்டில். ஒரு ஊரில் (பெயர் வேண்டாம்) 24 மணி நேரத்துக்குள் வண்டி திரும்பாவிட்டால் அபராதம் என்று எழுதினார்கள். 23ஆவது மணிக்கு ‘முடிந்தது’ என்று கையெழுத்து விழும். மறுநாள் அதே வண்டி, அதே ஒழுகல், புது ஜாப் கார்டு! அபராதத் தொகை மட்டும் பூஜ்யம். ஒரே பழுது 30 நாளுக்குள் திரும்பி வந்தால் பழைய கணக்கிலேயே சேரும் என்று ஒரு வரி போட்டபிறகுதான் அடங்கினார்கள்.

மதுரையிலிருந்து: ஏற்கெனவே இருந்த மெக்கானிக்குகள் என்ன ஆவார்கள்?

பிரிட்டனில் வேலை கைமாறினால் ஆட்களும் அதே சம்பளம், அதே நிபந்தனைகளோடு கூடவே போக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஓய்வூதியத்துக்கு அந்தப் பாதுகாப்பு முழுதாகக் கிடையாது, சங்கங்கள் அதில்தான் முட்டிக்கொள்ளும். நியாயமான சண்டை என்பது என் கட்சி.

தாம்பரத்திலிருந்து: நம் ஊர் மாநகராட்சி இதைச் செய்யுமா?

தமிழ்நாட்டில் தீயணைப்பு மாநில அரசுத் துறை, மாநகராட்சியிடம் இல்லை. மும்பை போன்ற சில நகரங்களில் மாநகராட்சியே படையை நடத்துகிறது.

டொராண்டோவிலிருந்து: அண்ணா, எங்கட நகரத்திலயும் இப்பிடி ஒண்டு பேசுகினம். ஒப்பந்தத்தில முதல்ல எந்தப் பக்கத்தைப் பாக்க வேணும்?

கடைசிப் பக்கத்தை. ஒப்பந்தம் முறிகிற அன்று வண்டிகள் யாருடையவை, ஷெட்டில் கிடக்கும் உதிரி பாகங்கள் யாருக்கு, ஒவ்வொரு வண்டியின் பழுது வரலாறும் யார் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் நகரத்தின் சம்பளப் பட்டியலில், பம்பைப் பிரித்துப் பார்த்துப் ‘பொய் பில்’ என்று சொல்லத் தெரிந்த ஆள் ஒருவராவது மிஞ்சியிருக்கிறாரா என்று விசாரியுங்கள். விலைப் பட்டியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.