மாத்திரையை நிறுத்திவிட்டு ஆபரேஷனுக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. அண்டி ஆபீஸில் (முந்திரிப் பருப்பு ஆலை) குத்தவைத்து உட்கார்ந்து வேலை செய்தே பாதி வாழ்க்கை போய்விட்டது. ஒன்பது வருடமாக முடக்குவாதம். வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட், தினமும் 5 மில்லிகிராம் ஸ்டீராய்டு, போன வருடத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு அடாலிமுமாப் ஊசி. இப்போது இடுப்பில் நான்காவது எலும்பு முன்னால் நழுவிவிட்டது, திருகாணி வைத்து ஐந்தாவதோடு சேர்க்க வேண்டும் என்று திருவனந்தபுரத்தில் சொல்கிறார்கள். கொஞ்ச தூரம் நடந்தாலே இடதுகால் மரத்துப் போகிறது. ‘எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து சாப்பிட்டால் புண் ஆறாது’ என்று சொந்தத்தில் ஒருவர் சொன்னதால் பத்து நாளாக எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். விரல்கள் வீங்கிவிட்டன. மாமி வர்ம ஆசானிடம் போகலாம் என்கிறார். சவுதியிலிருந்து கணவர் ஒரு மாத லீவில் வருகிறார். அதற்குள் ஆபரேஷனை முடித்துவிடலாமா?
– பெயர் வேண்டாம், மார்த்தாண்டம்.

பதில்: இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை என்பதால் ஸ்டீராய்டு பற்றி உங்களுக்கு உடனே தனியாகச் சொல்லியாகிவிட்டது. மற்றவர்களுக்காக அதை இங்கேயும் எழுதுகிறேன்.

வருடக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கு, உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டைச் சுரக்கிற அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து வருகிறதே, நாம் எதற்குச் சுரக்க வேண்டும் என்று இருந்துவிடும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அது உடனே விழித்துக்கொள்ளாது. தலைசுற்றல், வாந்தி, பிரஷர் இறங்கி மயக்கம் வரை போகலாம். அப்படி ஏதாவது வந்தால் கேஷுவாலிட்டிக்குப் போவதுதான் வழி. போனதும் முதல் வார்த்தையாக ‘ஸ்டீராய்டு நிறுத்தினேன்’ என்று சொல்ல வேண்டும். ஆபரேஷன் நேரத்தில் உடம்புக்கு இது இன்னும் முக்கியம். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்குத் தெரியாமல் இந்த மாத்திரையில் ஒரு மாற்றமும் செய்யக் கூடாது.

உங்கள் சொந்தக்காரர் சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. ஆபத்து என்னவென்றால், அந்தச் சரியான பாதியை நம்பித்தான் நாம் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறோம். மெத்தோட்ரெக்சேட்டை ஆபரேஷனுக்காகப் பொதுவாக நிறுத்துவதில்லை. தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்குக் கிருமித் தொற்று கூடவில்லை. நிறுத்தியவர்களுக்குத்தான் மூட்டு வீங்கி நோய் கிளம்பியது. ஊசியின் கதை வேறு. அடாலிமுமாப் போன்ற ஊசிகளை ஒரு தவணை தள்ளிவைத்து, அதன் வேகம் குறைந்திருக்கிற நேரத்தில் கத்தி வைப்பார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடுகிற ஊசி என்றால், கடைசி ஊசிக்குப் பின் மூன்றாவது வாரத்தில் ஆபரேஷன். தையல் பிரித்து, காயத்தில் வீக்கமோ கசிவோ இல்லை என்று பார்த்த பிறகு, ஏறக்குறைய 14 நாள் கழித்து மறுபடி தொடங்குவார்கள். அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்களும் மூட்டு அறுவை நிபுணர்களும் சேர்ந்து 2017-ல் வெளியிட்டு 2022-ல் திருத்திய வழிகாட்டுதல் இது. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றுக்காக எழுதப்பட்டது என்றாலும் முதுகு ஆபரேஷனுக்கும் பல டாக்டர்கள் இதைப் பார்த்துத்தான் தேதி குறிக்கிறார்கள்.

அதாவது ஆபரேஷன் தேதியைத் தீர்மானிக்க வேண்டியது உங்கள் கணவரின் விமான டிக்கெட் இல்லை, உங்கள் ஊசியின் தேதி. மூட்டுவாத டாக்டர் ஒரு பக்கம், முதுகெலும்பு டாக்டர் இன்னொரு பக்கம், நடுவில் நீங்கள் சேதி கொண்டுபோகிற ஆளாக ஓட வேண்டாம். எந்த மருந்து எந்த நாள்வரை, எது எப்போது மறுபடி என்று மூட்டுவாத டாக்டரிடம் ஒரே தாளில் எழுதி, சீல் வைத்து வாங்கி, அந்தத் தாளை ஆபரேஷன் செய்யும் டாக்டரின் ஃபைலில் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு பேரும் போனில் ஒரு ஐந்து நிமிடம் பேசிக்கொண்டால் இன்னும் நல்லது. கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. உங்கள் கழுத்தை யாராவது படம் எடுத்துப் பார்த்தார்களா? முடக்குவாதம் விரலிலும் மணிக்கட்டிலும் மட்டும் நிற்பதில்லை. கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளைக் கட்டிப் பிடித்திருக்கும் தசைநாரையும் அது தளர்த்திவிடும். வலி கொஞ்சம்கூட இல்லாமலே இது நடக்கலாம். மயக்கம் கொடுத்துத் தொண்டையில் குழாய் இறக்கும்போது தலையைப் பின்னால் சாய்ப்பார்கள். பிடிமானம் இல்லாத கழுத்தை அப்படிச் சாய்த்தால் தண்டுவடம் நசுங்கலாம். முன்னே குனிந்து ஒன்று, பின்னே சாய்ந்து ஒன்று என்று இரண்டு எக்ஸ்ரே எடுத்தால் விஷயம் தெரிந்துவிடும். செலவு பெரிதாக ஒன்றும் இல்லை. இடுப்புக்கு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் கழுத்து வராது, அதனால் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

எலும்பின் உறுதியும் அதேபோல்தான். திருகாணியும் கம்பியும் தற்காலிகக் காவல். நிரந்தரமாகப் பிடிக்க வேண்டியது நடுவில் வைக்கிற எலும்புத் துண்டு ஊறிச் சேர்வதுதான். அதற்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம்வரை பிடிக்கும். ஸ்டீராய்டு எலும்பை மெலிய வைக்கும், மெலிந்த எலும்பில் திருகாணி தளரும். ஆகவே முன்கூட்டியே எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்ஸா பரிசோதனையும் வைட்டமின் டி பரிசோதனையும். எலும்பு மிகவும் பலவீனம் என்று தெரிந்தால் சில மாதம் மருந்து கொடுத்துவிட்டு அப்புறம் செய்வோம் என்று டாக்டர் சொல்லலாம். சொன்னால் அவசரப்படுத்தாதீர்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். நிகோடின் எலும்பு சேர்வதைக் கெடுக்கும். பீடியானாலும் சரி, மென்றாலும் சரி.

ஆபரேஷன் வேண்டுமா என்பதையே இன்னொரு டாக்டரிடமும் கேட்கலாம், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி பக்கத்தில்தானே இருக்கிறது. வெறும் இடுப்பு வலிக்காக எலும்பைச் சேர்ப்பது எப்போதும் பலன் தருவதில்லை. உங்களுக்கு எலும்பு நழுவி, நடந்தால் கால் மரத்துப் போகிறது. இது அந்த ஆபரேஷனால் பலன் கிடைக்கக்கூடிய வகை. ஆனால் பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ, சிறுநீர் போவது தெரியாமல் போனாலோ, உட்காருகிற இடம் மரத்தாலோ இரண்டாவது கருத்தெல்லாம் கிடையாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மாமியிடம் சண்டை போடாதீர்கள். குமரி மாவட்டத்தில் சுளுக்குக்கும் அடிபட்டதற்கும் ஆசானிடம் போய்க் குணமான வீடுகள் எத்தனையோ, அவர் அனுபவத்தில் சொல்கிறார். நழுவிய எலும்பும் தளர்ந்திருக்கக்கூடிய கழுத்தும் இருக்கிற உடம்பில் அமர்த்தித் தடவுவதும் திருப்பி முறிப்பதும் கூடாது, அவ்வளவுதான். விவரம் தெரிந்த ஆசானே எக்ஸ்ரேயைக் கேட்டுவிட்டு, கை வைக்க மாட்டேன் என்பார். கஷாயம் ஏதாவது குடித்துக்கொண்டிருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மெத்தோட்ரெக்சேட்டே ஈரலைப் பாதிக்கலாம் என்று கவனித்துக் கொடுக்கிற மருந்து.

கணவரின் லீவுக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களில் நர்ஸ் இருக்கிறார், டாக்டர் இருக்கிறார். ஆள் வேண்டியது வீட்டுக்கு வந்தபின் வருகிற ஐந்தாறு வாரத்துக்கு. குனியக் கூடாது, தூக்கக் கூடாது, இடுப்பைத் திருப்பக் கூடாது. தேங்காய் துருவ உட்காருவது, குடம் எடுப்பது எதுவும் நடக்காது. முடிந்தால் அவர் டிஸ்சார்ஜ் அன்று வந்து சேருகிற மாதிரி லீவு போடட்டும், ஆபரேஷன் அன்று உங்கள் சகோதரரோ மைத்துனரோ நிற்கலாம். வீட்டில் குளியலறை வெளியே தனியாக இருந்தால், சாரல் காலத்தில் முற்றத்துப் பாசியில் ஒருமுறை வழுக்கினால் போதும். அந்த வழியை இப்போதே தேய்த்துக் கழுவி, பிடித்து நடக்க ஒரு கம்பியும் அடித்து வையுங்கள். கக்கூஸ் மேற்கத்திய வகைதான் வேண்டும்.

ஆஸ்பத்திரியில் நடைபழக வாக்கர் கொடுப்பார்கள். அதன் பிடியை இறுக்கிப் பிடித்து உடம்பின் பாரத்தைக் கையில் இறக்க வேண்டும். வீங்கிய விரலும் மணிக்கட்டும் அதற்கு ஒத்துக்கொள்ளாது. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை பலகையில் தாங்கி நடக்கிற வாக்கர் இருக்கிறது, பிசியோதெரபிஸ்டிடம் ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு வையுங்கள். இடுப்பு பெல்ட்டின் ஒட்டுப்பட்டையையும் உங்கள் விரலால் இழுக்க முடிகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய்வரை உண்டு. ஆனால் அந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா, இந்த ஆபரேஷன் பட்டியலில் வருகிறதா என்று சேருவதற்கு முன்பே கேட்க வேண்டும். எல்லை தாண்டித் திருவனந்தபுரத்தில் என்றால் கட்டாயம் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இந்த மருந்துகள் காய்ச்சலையே அமுக்கிவிடும். விரல்கள் காலையில் இறுகி வீங்கினால் அது பெரும்பாலும் பழைய நோய். முதுகுக் காயம் சிவந்தாலோ, கசிந்தாலோ, குறைந்துவந்த வலி திரும்பக் கூடினாலோ அன்றே ஆபரேஷன் செய்த டாக்டரைக் கூப்பிடுங்கள், அடுத்த செக்கப் தேதிவரை வைத்திருக்க வேண்டாம்.