பாம்பு கடித்தால் முதலில் எங்கே போவது?

கேள்வி: டொக்டர், நாங்கள் வவுனிக்குளம் பக்கம். காலபோக வெள்ளாமையில் யானையும் பன்றியும் இறங்குவதால் என் கணவர் இரவில் வயற்காவலுக்குப் போய்விடுவார். வீட்டில் நானும் மாமியும் இரண்டு பிள்ளைகளும். ஒரு கட்டில்தான் இருக்கிறது. அதில் மாமி, மற்றவர்கள் பாயில். போன மாதம் அயலில் ஒருவரைச் சாமத்தில் பாம்பு கடித்தது. முதலில் விஷகடிப் பரியாரியாரிடம் கொண்டுபோனார்கள், விடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு. அங்கே பல நாள் மூச்சு மெசினில் வைத்திருந்து பிழைத்து வந்தார். "பரியாரியாரின் மருந்துதான் உயிரைப் பிடித்து வைத்திருந்தது" என்கிறார் மாமி. எங்கள் வீட்டில் யாரையாவது கடித்தால் நான் யாருடைய சொல்லைக் கேட்பது? அவர் வயலுக்குப் போகிற இரவுகளில் எனக்கு நித்திரையே வருவதில்லை. அந்த விஷமுறிவு ஊசியை வாங்கி வீட்டில் வைத்திருக்கலாமா?
- பெயர் வேண்டாம், துணுக்காய்

பதில்: தங்கச்சி, முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான். இதில் இரண்டு பேச்சு இல்லை. பாம்பைக் கண்டாலும் காணாவிட்டாலும், காயம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், கடிபட்டவர் சிரித்துக் கதைத்துக்கொண்டு இருந்தாலும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இது உங்களுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். கணவர் இல்லாத வீட்டில், சாம நேரத்தில், மாமியின் சொல்லை மீறி எப்படி வெளிக்கிடுவது என்பதுதான் உங்களுக்கு முடிச்சாக இருக்கிறது. அந்த முடிச்சைப் பகலிலேயே, எல்லோரும் நிதானமாக இருக்கும்போதே அவிழ்க்க வேண்டும். கடிபட்ட பிறகு வாக்குவாதத்தில் போகிற ஒவ்வொரு நிமிடமும் விஷத்துக்குத்தான் உதவும்.

உங்கள் அயலவரைக் கடித்தது பெரும்பாலும் எட்டடி விரியனாக இருக்க வேண்டும். சாமத்தில் கடித்ததையும் மெசினில் வைக்க வேண்டி வந்ததையும் வைத்துச் சொல்கிறேன். பகலில் அது மந்தமாகப் பதுங்கிக் கிடக்கும், இரவில்தான் இரை தேடித் திரியும். அப்படி வீட்டுக்குள் வந்து, நிலத்தில் படுத்திருப்பவர் அசைகிறபோது கடித்துவிடும். கடித்த இடத்தில் வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல தடவை பல்லடையாளம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. எறும்பு கடித்ததாக நினைத்துத் திரும்பப் படுத்துவிடுகிறவர்களும் உண்டு. கொஞ்ச நேரத்தில் வயிற்றுவலி வரும், சத்தி வரும். பிறகு கண்ணிமை தொங்கும், பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், எச்சில் விழுங்க ஏலாது, பேச்சுக் குழறும். கடைசியாக மூச்செடுக்கிற தசைகளும் ஓய்ந்துவிடும்.

அதனால் மாமி உட்பட வீட்டில் எல்லோரும் ஒன்றை மனதில் வைத்திருங்கள். பாயில் படுத்த பிள்ளை நடுச்சாமத்தில் எழும்பி "வயிறு வலிக்குது" என்று அழுதால், ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்துவிடாதீர்கள். வெளிச்சத்தில் முகத்தைப் பாருங்கள். மேலே பார்க்கச் சொல்லும்போது இமை முழுதாக உயருகிறதா? வாயை நன்றாகத் திறக்க முடிகிறதா? சந்தேகம் என்றால் உடனே வெளிக்கிடுங்கள். இமை நன்றாக இருந்து, வலி மட்டும் நிற்காவிட்டாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

விஷமுறிவு ஊசி இரத்தத்தில் ஓடுகிற விஷத்தைப் பிடிக்கும். நரம்பு முனைகளில் ஏற்கெனவே உண்டான சேதத்தை அது திருப்பாது. எட்டடி விரியன் கடியில் தாமதம் பொல்லாதது என்பது இதனால்தான். பிந்திப் போனால் நரம்பு தானாகத் தேறும்வரை, நாட்கணக்கில், மெசின்தான் மூச்சுவிட வேண்டும். அந்த நேரம் நோயாளி கண் திறக்காமல், கை அசைக்காமல், செத்தவர் போலக் கிடக்கலாம். அவருக்கு நினைவு இருக்கும், பக்கத்தில் அழுகிறவர்களின் குரலும் கேட்கும். ஆகவே வழியில் ஆள் அசைவற்றுப் போனால் "முடிந்துவிட்டது" என்று திரும்பிவிடக் கூடாது. மூச்சு நின்றால் மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே கொண்டு போங்கள். உங்கள் அயலவரின் உயிரைப் பிடித்து வைத்திருந்தது அந்த மெசினும், இரவு பகலாகப் பக்கத்தில் நின்ற தாதிமாரும்தான்.

மாமியின் நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும், அதை ஏளனமாகத் தள்ளிவிட முடியாது. 2012, 2013 ஆண்டுகளில் இலங்கை முழுவதும் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். ஒரு வருடத்தில் ஏறக்குறைய 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது, அதில் 30,000 பேருக்கு மட்டில்தான் விஷம் ஏறுகிறது, 400க்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்று அதில் தெரியவந்தது. அப்படியென்றால் கடிபட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு விஷமே ஏறவில்லை. கடித்தது விஷமில்லாத பாம்பாக இருக்கும், அல்லது விஷப்பாம்பே விஷத்தை இறக்காமல் கடித்திருக்கும். இவர்கள் பரியாரியாரிடம் போனாலும் பிழைப்பார்கள், எங்கும் போகாவிட்டாலும் பிழைப்பார்கள். ஊரில் அப்படிப் பிழைத்தவர்களை மாமி தன் வாழ்நாளில் பலரைக் கண்டிருப்பார். மற்றவர்களைக் காப்பாற்ற இலையும் வேரும் போதாது. யார் எந்தப் பக்கம் என்று வீட்டில் வைத்துச் சொல்ல யாராலும், என்னாலும்கூட, முடியாது.

பார்வை பார்ப்பதாலும் மந்திரிப்பதாலும் நேரம்தான் போகும். சில வைத்தியம் நேரடியாகவே கெடுதல் செய்யும். விழுங்கும் தசை தளர்ந்தவருக்கு வாயால் சாறு பருக்கினால் அது சுவாசப்பைக்குள் இறங்கும், மூக்கில் பிழிகிற மருந்தும் அப்படித்தான். முத்திரைப் புடையன் கடித்தால் இரத்தம் உறையாமல் போகும். அந்த நிலையில் காயத்தைக் கீறினால் இரத்தம் நிற்கவே நிற்காது. இறுக்கிக் கயிறு கட்டினால் கை கால் அழுகலாம், அவிழ்க்கிறபோது தேங்கிய விஷம் ஒரேயடியாக மேலே பாயும். விஷக்கல் ஒட்டுவதும் வாயால் உறிஞ்சுவதும் பயன் தராது.

மாமியுடன் நீங்கள் தனியாகப் போராட வேண்டாம். உங்கள் கணவர் பேசட்டும். தாயோடு மகன் கதைப்பது வேறு, மருமகள் கதைப்பது வேறு. பரியாரியார் தெரிந்தவர் என்றால் கணவர் அவரிடமே போய், "எங்கள் வீட்டில் யாருக்கும் கடித்தால் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கோ ஐயா" என்று மாமி கேட்கும்படி சொல்ல வைத்தால் இன்னும் நல்லது. விஷக்குறி கண்டவுடன் "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடு" என்று தாங்களாகவே அனுப்பிவிடுகிற பரியாரிமாரும் இருக்கிறார்கள். மாமியின் பக்தியில் கை வைக்காதீர்கள். புதூர் நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைக்க வேண்டுமென்றால் வைக்கட்டும். அம்புலன்சில் இருந்துகொண்டும் வைக்கலாம், வாட்டு வாசலில் நின்றும் வைக்கலாம்.

சரி, இனி ஆயத்தம். 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தால் வருகிற அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது. காசு இல்லை, நாள் முழுதும் எடுக்கலாம். உங்கள் வீட்டுக்கு வழி சொல்ல ஒரு பள்ளிக்கூடமோ கோவிலோ சந்தியோ அடையாளமாகத் தேவை, அதை ஒரு தாளில் எழுதி சுவரில் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் சொந்த வீட்டு வழியே வாயில் வராது. அம்புலன்ஸ் வரச் சுணங்கினால் யாருடைய ஓட்டோ, யாருடைய மோட்டார் சைக்கிள் என்று இப்போதே அயலில் கேட்டு வையுங்கள். அடுத்த தடவை மல்லாவி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, பாம்புக்கடிக்கு அங்கே ஊசி போடுவார்களா, மேலே அனுப்புவதென்றால் எங்கே என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கடித்துவிட்டால் ஆளை நடக்க விடாதீர்கள். மோதிரம், காப்பு, கொலுசு எல்லாவற்றையும் கழற்றுங்கள், வீங்கிய பிறகு கழற்ற முடியாது. கடிபட்ட கையையோ காலையோ ஒரு தடி வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டி அசையாமல் வைத்தால் போதும். சத்தி வந்தால் இடப்பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள். மோட்டார் சைக்கிள்தான் கிடைத்தது என்றால் நோயாளி நடுவில் இருக்க வேண்டும், பின்னால் ஒருவர் அணைத்துப் பிடிக்க வேண்டும். வலிக்குப் பனடோல் கொடுக்கலாம், விழுங்க முடிந்தால் மட்டும். டிஸ்பிரின் கூடவே கூடாது, அது இரத்தக் கசிவைக் கூட்டும். பாம்பைத் தேடிக்கொண்டு பற்றைக்குள் இறங்க வேண்டாம். தூரத்தில் நின்று போனில் படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். ஏற்கெனவே அடித்திருந்தால் தடியால் தள்ளி ஒரு வாளிக்குள் மூடிக் கொண்டு போகலாம், கையால் தொடக் கூடாது. செத்த பாம்பின் தலையும் கடிக்கும்.

ஆஸ்பத்திரியில் உடனே ஊசி போடவில்லை என்று சண்டை பிடிக்காதீர்கள். விஷம் ஏறிய அறிகுறி கண்டால்தான் போடுவார்கள். கொஞ்ச இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். அறிகுறி இல்லாவிட்டாலும் ஒரு நாளாவது மறித்து வைத்துக் கவனிப்பார்கள். "எனக்கு ஒன்றுமில்லை" என்று துண்டு வெட்டிக்கொண்டு வந்துவிட வேண்டாம்.

உங்கள் நித்திரைக்கு வருகிறேன். எல்லோருக்கும் நுளம்பு வலை வாங்குங்கள், மற்றச் செலவு பிறகு இருக்கட்டும். வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நாலு பக்கமும் செருகிவிட்டால் எட்டடி விரியன் உள்ளே வராது. பாயில் படுப்பவர்களுக்கு இதைவிட மலிவான காவல் கிடையாது. மழை தொடங்குகிற நாட்களில்தான் இந்தக் கடி கூடுதல், ஆகவே அதற்கு முன் கிழிசலைத் தைத்து வையுங்கள். படுக்கிற அறையில் நெல் மூட்டை இருந்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். மூட்டையை வேறு அறைக்கு மாற்றுங்கள், விறகையும் வைக்கோலையும் கோழிக்கூட்டையும் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். உள்ளிச் சாறு தெளிப்பதையும் மண்ணெண்ணெய் ஊற்றுவதையும் நம்ப வேண்டாம். இரவில் கிணற்றடிக்கோ கக்கூசுக்கோ போனால் டோர்ச் இல்லாமல் ஒரு அடி வைக்காதீர்கள், பிள்ளைகளையும் அப்படியே பழக்குங்கள்.

கணவருக்குக் காவல் கொட்டிலில் நிலத்தில் படுக்கை வேண்டாம், பரண் போட்டு அதிலும் வலை கட்டட்டும். வரம்பில் நடக்கும்போது டோர்ச்சும் கம்பூட்சும் வேண்டும். முத்திரைப் புடையன் கடிப்பது பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும்தான், கம்பூட்ஸ் அந்த இடத்தை மறைக்கும். சேறு ஒட்டும், நடக்கக் கஷ்டம் என்பார். உழுகிறபோது போடாவிட்டாலும் அருவி வெட்டிலும் கதிர் அள்ளுகிறபோதும் போட வையுங்கள், கதிருக்கு அடியில் பாம்பு கிடப்பது தெரியாது. போனில் சார்ஜ் இருக்க வேண்டும். படுக்க முன் ஒரு தடவை, விடிய ஒரு தடவை என்று இருவரும் பேசிக்கொள்ள நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் வாரக்கணக்கில் நித்திரை வராவிட்டால், அதையும் ஒரு வருத்தமாக எடுத்துக் கிளினிக்கில் சொல்லுங்கள்.

ஊசியை வீட்டில் வைக்கவே கூடாது. எங்களுக்கு வருவது இந்தியாவில் குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கிற மருந்து. நாகம், எட்டடி விரியன், முத்திரைப் புடையன், சுருட்டை என்று நாலுக்கும் அது ஒன்றுதான். அதை ஒரு குப்பி அல்ல, பல குப்பிகள் சேலைனோடு இரத்த நாளத்தில் ஏற்ற வேண்டும். பிள்ளைக்கும் பெரியவர் அளவுதான், ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. ஏற்றும்போது பலருக்கு உடம்பு தடித்து, மூச்சு இழுத்து, பிரஷர் விழும். அதனால்தான் முன்கூட்டியே அட்ரினலின் கொடுத்து, பக்கத்தில் ஆள் நின்று பார்த்துக்கொண்டே ஏற்றுவார்கள். அரச ஆஸ்பத்திரியில் இதற்கு ஒரு சதமும் வாங்குவதில்லை. ஊசி ஏற்றி வீட்டுக்கு வந்தவருக்கு ஒன்று இரண்டு கிழமைக்குள் காய்ச்சல், மூட்டு வலி, உடம்பில் தடிப்பு வந்தால் துண்டையும் எடுத்துக்கொண்டு திரும்ப அதே வாட்டுக்குப் போகச் சொல்லுங்கள். அதற்கு மருந்து உண்டு.