மெக்டவல் கவுண்டியில் மிச்சம் இருப்பவர்கள்

வணக்கம் சார்,

அமெரிக்க வறுமை பற்றிய உங்கள் குறிப்பில் மேற்கு வர்ஜீனியாவின் மெக்டவல் கவுண்டியை (நம் மாவட்டம் மாதிரி) ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தீர்கள். நான் பன்னிரண்டு வருடமாக ஒஹாயோவில் இருக்கிறேன், அப்படி ஒரு ஊர் இருப்பதே எனக்குத் தெரியாது. சென்சஸ் கணக்கைத் தேடிப் பார்த்தேன். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களில் பாதிக்கும் மேலானவர்கள் வேலையிலும் இல்லை, வேலை தேடவும் இல்லை. உண்மையைச் சொன்னால் பரிதாபம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நாமெல்லாம் கடல் தாண்டி வந்து பிழைக்கிறோம். இவர்களுக்கு விசாகூட வேண்டாம், ஐந்து மணி நேரம் கார் ஓட்டினால் வேறு ஊர். ஏன் கிளம்ப மாட்டேன் என்கிறார்கள்? அடுத்த மாதம் அந்தப் பக்கம் போவதாக இருக்கிறேன். பார்க்க ஏதாவது உண்டா?

ச., கொலம்பஸ்

அன்புள்ள ச.,

கிளம்பிவிட்டார்கள். 1950-ல் அந்தக் கவுண்டியின் மக்கள்தொகை 98,887. 2020-ல் 19,111. உங்கள் ஒஹாயோவுக்கே கூட்டம் கூட்டமாக வந்தார்கள், அக்ரன் டயர் தொழிற்சாலைகளுக்கு, கிளீவ்லாந்துக்கு, அப்புறம் டெட்ராய்ட். உங்கள் அலுவலகத்திலேயே விசாரித்துப் பாருங்கள், 'எங்கள் தாத்தா மேற்கு வர்ஜீனியா நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர்' என்று சொல்ல ஒருவராவது இருப்பார். அவருடைய சம்பளம் இன்றைக்கு ஒஹாயோவின் சராசரியில் ஏறுகிறது. படித்தவன், உடம்பில் தெம்பு இருப்பவன், அத்தை பையன் வேறு ஊரில் இருப்பவன் எல்லாரும் எழுபது வருடமாகப் போய்க்கொண்டே இருந்தால், மிச்சம் இருப்பவர்களை எண்ணி எடுத்த சராசரி எப்படி இருக்கும்? நீங்கள் பார்த்த அட்டவணை அதுதான்.

அந்த வேலைக் கணக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, எனக்கும் ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. 2010-ல் அங்கே மத்திய அரசின் சிறை ஒன்று திறந்தார்கள். தலைநகரான வெல்ச்சில் மாநிலச் சிறை ஒன்றும் இருக்கிறது, அது இருப்பது ஒரு பழைய மருத்துவமனைக் கட்டடத்தில். (மருத்துவமனை மூடிச் சிறை வந்த ஊர். நான் கதையில் எழுதியிருந்தால் மிகை என்று நீங்களே கடிதம் போட்டிருப்பீர்கள்.) சென்சஸ் விதிப்படி கைதிகளும் அந்தக் கவுண்டியின் மக்கள்தொகையில் சேர்த்தி. எங்கிருந்தோ கொண்டுவந்து பூட்டிவைத்த ஆளும் 'வேலையிலும் இல்லை, தேடவும் இல்லை' என்ற கட்டத்தில்தான் விழுவார். ஆனால் வறுமை விகிதம் போடும்போது மட்டும் கைதிகளை விட்டுவிடுவார்கள். சிறையைக் கழித்தாலும் நிலைமை மோசம்தான், அதை மறுக்கவில்லை. ஆனாலும் அந்த எண்ணைச் சோம்பேறித்தனத்தின் அளவாகப் படித்துவிடக்கூடாது.

மிச்சம் இருப்பவர்களில் ஒரு பெரிய பகுதி உடம்பு போனவர்கள். முதுகு உடைந்த சுரங்கத் தொழிலாளிகள், 'பிளாக் லங்' என்கிற நுரையீரல் நோய் வந்தவர்கள். நிலக்கரித் தூசி வருடக்கணக்கில் நுரையீரலில் படிந்து வருவது அது. 1969-ல் சட்டம் போட்டுத் தூசிக்கு வரம்பு கட்டினார்கள், நோயும் குறைந்தது. பிறகு அப்பலாச்சிய மலைப் பகுதியில் திரும்ப ஏறிவிட்டது. தடிமனான நிலக்கரிப் படிவுகளை முன்பே வெட்டியாகிவிட்டது, இப்போது மெல்லிய படிவை எடுக்க மேலும் கீழும் இருக்கிற பாறையைச் சேர்த்து அறுக்கிறார்கள், அந்தப் பாறையின் சிலிக்கா தூசி நிலக்கரித் தூசியைவிடக் கொடியது. நாற்பது வயதிலேயே மூச்சு வாங்குகிற ஆளிடம் போய் ஐந்து மணி நேரம் கார் ஓட்டச் சொல்கிறோம். வலி மாத்திரைப் போதை அங்கே ஏன் அப்படிப் பரவியது என்பதற்கும் பாதிப் பதில் இதில் இருக்கிறது. 2010 வாக்கில் எடுத்த கணக்கில் அங்கே ஆண்களின் சராசரி ஆயுள் 64 வயது, நாட்டிலேயே கடைசி வரிசை.

சரி, இந்த ஊர் ஏன் இப்படி ஆனது? நிலக்கரி தீர்ந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தீரவில்லை, உருக்காலைக்கு வேண்டிய உயர்ரகக் கரி அங்கே இன்றும் எடுக்கப்படுகிறது. ஆட்கள்தான் தேவைப்படவில்லை. 1950 வாக்கில் மேற்கு வர்ஜீனியாச் சுரங்கங்களில் ஒரு லட்சத்துக்கும் மேலானவர்கள் வேலை பார்த்தார்கள். பத்தே வருடத்தில் அது பாதிக்கும் கீழே போய்விட்டது, இயந்திரம் வந்துவிட்டது. தொழிற்சங்கத் தலைவர் ஜான் எல். லூயிஸே அதற்குச் சம்மதித்தார், மிச்சம் இருப்பவர்களுக்கு நல்ல சம்பளமும் மருத்துவ வசதியும் கிடைத்தால் போதும் என்று. வேலை போனவர்களுக்கு என்ன? 1960 தேர்தலில் கென்னடி அந்தப் பக்கம் வந்து பார்த்தார். அடுத்த வருடம், 1961 மே 29 அன்று, அவர் தொடங்கிய முன்னோட்டத் திட்டத்தில் நாட்டின் முதல் உணவு முத்திரைகளை (கடையில் கொடுத்து உணவுப் பொருள் வாங்க அரசு தரும் சீட்டு) வாங்கியது மெக்டவல்காரர்தான். வேலையில்லாத சுரங்கத் தொழிலாளி, வீட்டில் 15 பேர், 95 டாலர் முத்திரை. பிறகு 1980-களில் உருக்குத் தொழிலுக்கு அடி விழுந்தது, 1986-ல் கேரி என்ற ஊரில் யு.எஸ். ஸ்டீல் தன் சுரங்கங்களை மூடியது. அந்தப் பத்து வருடத்தில் மட்டும் ஜனத்தொகை 49,899-லிருந்து 35,233 ஆனது. நார்த்ஃபோர்க் என்ற குட்டி ஊரின் உயர்நிலைப் பள்ளி 1974 முதல் 1981 வரை தொடர்ந்து எட்டு வருடம் மாநிலக் கூடைப்பந்துக் கோப்பையை வென்றது. 1985-ல் அந்தப் பள்ளியும் இல்லை, பிள்ளைகள் போதவில்லை என்று வேறு பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். இந்த ஒரு விஷயம்தான் எனக்கு மற்ற எல்லா எண்களையும்விட வலித்தது.

சுரங்கம் போனால் வேறு தொழில் வரக்கூடாதா என்பீர்கள். எங்கே கட்டுவது? நிலத்தில் பெரும்பகுதி நூறு வருடமாக வெளியூர்க் கம்பெனிகளின் கையில். மிச்சம் ஓடையை ஒட்டிய குறுகலான பள்ளத்தாக்கு. 2001, 2002, அப்புறம் 2025 பிப்ரவரி என்று அதிலும் வெள்ளம். வீடு, கடை, தண்ணீர்க் குழாய் எல்லாம் கம்பெனி போட்டது, கம்பெனி போனபின் குழாய் துருப்பிடித்தது. சாலை ஓரத்து ஊற்றில் கேன் பிடித்துப் போகிறவர்களை நானே பார்த்தேன். வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்றால் வாங்க ஆள் வேண்டுமே. வால்மார்ட் ஒன்று வந்து, சுற்றியிருந்த சின்னக் கடைகள் படுத்த பிறகு, 2016 ஜனவரியில் அதுவும் மூடிக்கொண்டு போனது.

அரசியலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கடிதம் அதுவாகத்தான் இருக்கும். 2008-ல் அங்கே ஜெயித்தது ஒபாமா. 2016-ல் டிரம்ப்புக்கு ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு வாக்கு. இடையில் அந்த ஊர் என்ன கேட்டது, யார் காதில் விழுந்தது என்று பார்த்தால் எனக்கு இதில் பெரிய மர்மம் எதுவும் தெரியவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால் புளூஃபீல்டில் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு 52-ஆம் எண் சாலையைப் பிடியுங்கள். போனில் சிக்னல் போய்ப் போய் வரும். கிம்பல் என்ற ஊரில் நிறுத்துங்கள், முதல் உலகப் போரில் போரிட்ட கறுப்பினச் சிப்பாய்களுக்காக 1928-ல் கட்டிய நினைவு மண்டபம் இருக்கிறது. சுரங்க வேலைக்குத் தெற்கிலிருந்து வந்த கறுப்பின மக்கள் ஒரு காலத்தில் அங்கே ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. அப்புறம் வெல்ச்சின் நீதிமன்றம். 1921 ஆகஸ்ட் 1 அன்று, தொழிலாளர் பக்கம் நின்ற போலீஸ் அதிகாரி சிட் ஹேட்ஃபீல்டை, சுரங்க முதலாளிகளுக்கு வேலை பார்த்த துப்பறியும் ஆட்கள் அதன் படிக்கட்டில்தான் சுட்டுக் கொன்றார்கள். அவர் கையில் துப்பாக்கி இல்லை, மனைவி பக்கத்தில் வந்துகொண்டிருந்தார். அந்தப் படிக்கட்டு இப்போதும் இருக்கிறது, ஏறிப் பார்க்கலாம்.

அன்புடன்.