மாடியில் வைத்ததெல்லாம் வெயிலில் கருகுகிறது. கோடையிலும் தோட்டம், தானாக முளைக்கும் கீரை, வீட்டு ஊறுகாய் என்று வாழ முடியுமா?

முடியும். "கோடை போகட்டும், தொட்டிகளைக் கவிழ்த்து வையுங்கள்" என்று இந்தக் கேள்விக்கு மற்றவர்கள் எழுதிய பதில்களைப் படித்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன். வெயிலை விரும்பும் செடிகள் எத்தனையோ இருக்கின்றன. நம் தொட்டிகள்தான் அவற்றைக் கொல்கின்றன.

உங்கள் நிலைமையை ஊகித்துக்கொள்கிறேன். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிகள் ஏழெட்டு, சிமென்ட் தரையில் நேராக உட்கார்ந்திருக்கும். அவற்றில் தக்காளி, மிளகாய், வெள்ளரி. மத்தியானம் இலை தொங்கியதும் பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றுவீர்கள். மறுநாளும் தொங்கும், இன்னும் ஊற்றுவீர்கள். பத்து நாளில் அடியிலை மஞ்சளாகும், செடி போய்விடும். வெயில் கொன்றது என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் மூச்சு முட்டிச் செத்திருக்கும்.

உச்சி வெயிலில் இலை வெளிவிடும் நீரின் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாது, அதனால் இலை துவளும். மண்ணுக்குள் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் தொடவே வேண்டாம், சாயங்காலம் தானே நிமிரும். விடியற்காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால் மட்டுமே கவலைப்படுங்கள்: மண் காய்ந்திருந்தால் தண்ணீர்ப் பஞ்சம், ஈரமாக இருந்தால் வேரழுகல். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். ஆகவே வெந்துகிடக்கும் தொட்டியில் மேலும் மேலும் ஊற்றுவது வேரை அமுக்கிக் கொல்வதுதான்.

முதல் வேலை வேரின் சூட்டைக் குறைப்பது. நேர் வெயில் படும் கறுப்புத் தொட்டியின் சுவரை ஒட்டிய மண் 40 டிகிரி செல்சியஸை எளிதாகத் தாண்டும். பெரும்பாலான காய்கறிகளின் வேர்கள் அதற்கு முன்பே சோர்ந்துவிடும். தொட்டியைத் தரையிலிருந்து ஒரு செங்கல் உயரத்துக்குத் தூக்கி வையுங்கள், அடியில் காற்று ஓட வேண்டும். சுவரைச் சுற்றிச் சாக்கோ வெளிர்நிறத் துணியோ கட்டுங்கள், அல்லது வெள்ளை அடியுங்கள். தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வைக்காமல் நெருக்கி வைத்தால் ஒன்றின் நிழல் மற்றதன் சுவரில் விழும். மண்ணின் மேல் 4 அல்லது 5 சென்டிமீட்டர் கனத்துக்குக் காய்ந்த இலை மூடாக்கு போடுங்கள். தண்டை ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும், இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

நிழல்வலை வாங்குவதாக இருந்தால் காய்க்கும் செடிகளுக்கு வெயிலில் 35 சதவீதத்தையும், கீரைகளுக்கு 50 சதவீதத்தையும் மறைக்கும் வலை. 75 சதவீத வலை போட்டால் செடி நெட்டையாக ஓடும், பூக்காது. வலை செடியின் மேல் படக்கூடாது. குறைந்தது 2 அடி உயரத்தில் கட்டினால்தான் சூடு வெளியேறும். காசோ இடமோ போதாதென்றால் மேற்குப் பக்கம் மட்டும் கட்டுங்கள். பிற்பகல் வெயில்தான் வாட்டி எடுப்பது.

தண்ணீர் காலையில், அடித்துளை வழியாகக் கொஞ்சம் வடியும் வரை. ஊற்றிய உடனே கடகடவென்று வடிந்தால் நனைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மிகவும் காய்ந்த தொட்டிக் கலவை நீரை எளிதில் ஏற்காது, தண்ணீர் சுவரோரமாக வழிந்துவிடும். அப்போது தொட்டியை ஒரு வாளி நீரில் மூன்றில் ஒரு பங்கு முங்கும்படி அரைமணி நேரம் வையுங்கள், மேல்மண் ஈரமானதும் எடுத்துவிடுங்கள். மண், மட்கு உரம், நார்க்கழிவு மூன்றும் சம பங்கு என்பது போதுமான கலவை. நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்துவிட்டுக் கலக்குங்கள். தக்காளிக்கும் வெள்ளரிக்கும் 20 லிட்டர் தொட்டி, மிளகாய்க்கு 10 லிட்டர், கீரைக்கு 15 சென்டிமீட்டர் ஆழம். கோடையில் சின்னத் தொட்டி என்பது தினம் மூன்று வேளை வேலை. நனைந்த 20 லிட்டர் தொட்டி 20 கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதையும் மாடியில் அடுக்கும் முன் கணக்கில் வையுங்கள், சுவரோரமும் தூண் மேலும் வைப்பது நல்லது.

தக்காளி பூத்துப் பூத்து உதிர்கிறதா? பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 24க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். எந்த உரமும் எந்தத் தெளிப்பும் அதைச் சரிசெய்யாது. தழைச்சத்தைக் கொட்டினால் இலைதான் கூடும். செடியை உயிரோடு வைத்திருந்தால் சூடு தணிந்ததும் காய் பிடிக்கும். அதுவரை காய் வேண்டுமென்றால் குட்டித் தக்காளி ரகம் போடுங்கள், அது ஓரளவு தாங்கும். காயின் அடி கறுத்துக் குழிவது வேறு விஷயம். காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேரவில்லை என்பது சரிதான். ஆனால் மண்ணில் அது இல்லை என்று பொருளல்ல, ஒருநாள் காய்ந்து ஒருநாள் நனைவதால் அதைச் சுமந்துபோகும் நீரோட்டம் அறுபடுகிறது. முட்டை ஓடு போட்டால் சரியாகும் என்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஓடு மட்கப் பல மாதம் ஆகும் என்றுதான் சொல்கிறேன், போடவே கூடாது என்று சொல்லவில்லை.

வெள்ளரியில் முதலில் ஆண் பூக்கள்தான் வரும், உதிர்வதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பின்னால் குட்டிக் காயோடு வருவது பெண் பூ. வண்டு வராத மாடியில் காலையில் ஆண் பூவைக் கிள்ளி, பெண் பூவின் நடுவில் தடவிவிடுங்கள். தண்ணீர்த் தட்டுப்பாட்டில் காய் கசக்கும். காம்புப் பக்கம் லேசாகக் கசந்தால் அதை வெட்டி எறியலாம். முழுக்காயும் கடுங்கசப்பாக இருந்தால் துப்பிவிடுங்கள், சமைத்தாலும் அந்தக் கசப்பு நஞ்சு போகாது. வெயிலும் வறட்சியும் சேர்ந்தால் செஞ்சிலந்தி வரும். இலையின் மேல் ஊசிப்புள்ளிகள், அடியில் மெல்லிய நூலாம்படை. இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதே பாதி மருந்து. மீதிக்கு 1 லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி திரவ சோப்பு, சூரியன் இறங்கிய பிறகு. பகலில் அடித்தால் இலை வெந்துவிடும்.

கேள்விக்குத் தொடர்பில்லாத ஒன்றையும் கொட்டிவிடுகிறேன். சில விதைப் பொட்டலங்களில் ஏன் ரகத்தின் பெயரும் பொதிந்த தேதியும் இருப்பதில்லை? "கலப்பினத் தக்காளி" என்று வண்ணப்படம் மட்டும் போட்டு விற்கிறார்கள். வெங்காய விதை ஒன்றிரண்டு ஆண்டில் வீரியம் இழக்கும், தக்காளி நான்கைந்து ஆண்டு தாங்கும். தேதி இல்லாமல் எதை நம்பி விதைப்பது? முளைக்காதபோது "உங்கள் கைராசி சரியில்லை" என்று அறிவுரை வேறு.

சரி, தானாக முளைப்பவை. கோடைக்கென்றே பிறந்தது பருப்புக்கீரை. பெரும்பாலான களைகள் வதங்கும்போது இது பளபளக்கும். வறட்சி வந்தால் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் கரியமில வாயுவைப் பிடித்து மாலிக் அமிலமாகச் சேர்த்து வைக்கும். அதனால் விடியற்காலையில் பறித்தால் புளிப்பு தூக்கலாக இருக்கும், சாயங்காலம் பறித்தால் மட்டாக இருக்கும். வாய்க்கு எது பிடிக்குமோ அந்த நேரம் பறியுங்கள். நுனி 5 சென்டிமீட்டர் கிள்ளினால் போதும், கீழே கிளைக்கும். ஒரு துண்டைத் தக்காளித் தொட்டியில் செருகிவிட்டால் வேர்விட்டு, தரையை மூடி, மூடாக்கு வேலையும் பார்க்கும்.

அடையாளம் பார்ப்பதில் அவசரம் கூடாது. பருப்புக்கீரையின் தண்டு வழவழப்பாக, சதைப்பற்றோடு, பெரும்பாலும் செம்மையாக இருக்கும், இலையும் தடித்திருக்கும், பூ மஞ்சள். அதே போலத் தரையில் படரும் சித்திரப்பாலாடை வகைச் செடிகளின் இலை மெல்லியது, தண்டை ஒடித்தால் பால் வரும். பால் வந்தால் கீழே போடுங்கள். ஒவ்வொரு கொத்தையும் ஒடித்துப் பாருங்கள், இரண்டும் ஒன்றாகப் பின்னிக்கொண்டு வளரும். "பறவை தின்கிறது, நாமும் தின்னலாம்", "கொதிக்க வைத்தால் விஷம் போய்விடும்" இரண்டும் பொய். கைபேசிச் செயலி சொன்ன பெயரை மட்டும் நம்பித் தின்பதும் அதே ரகம். காளான் பக்கம் போகவே வேண்டாம்.

இடமும் முக்கியம். சாலையோரம், சாக்கடையோரம், பழைய வண்ணப்பூச்சு உதிரும் சுவரடி, களைக்கொல்லி அடித்த நிலம் எல்லாம் வேண்டாம். ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை உலகெங்கும் முடிந்தது 2021இல்தான். மண்ணில் படிந்த ஈயம் அங்கேயேதான் கிடக்கிறது. கழுவினால் தூசி போகும், வேர் உறிஞ்சியது போகாது. இந்தக் கீரையில் ஆக்சாலிக் அமிலமும் அதிகம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தவிர்க்கட்டும், மற்றவர்கள் வேகவைத்த நீரை வடித்துவிட்டுத் தயிரோடு சாப்பிடலாம். இதைச் சொன்னால் "காலங்காலமாகச் சாப்பிடுகிறோமே" என்பார்கள். சாப்பிடுங்கள், தினமும் ஒரு கட்டு வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

வெள்ளரி ஒரே நேரத்தில் நிறைய வந்துவிட்டால் உப்புநீரில் ஊறப்போடுங்கள். 1 லிட்டர் நீருக்கு 50 கிராம் உப்பு, தராசில் நிறுத்து. கரண்டிக் கணக்கு இங்கே உதவாது. ஒரு மேசைக்கரண்டி பொடியுப்பு சுமார் 18 கிராம், கல்லுப்பு என்றால் படிக அளவைப் பொறுத்து மாறும். குளிர்ந்த காலத்தில் 35 கிராம் போதும். சூட்டில் புளிப்பு வேகமாக ஏறிக் காய் கொழகொழத்துவிடும் என்பதால்தான் கூட்டிச் சொல்கிறேன். சின்னக் காயாக, பறித்த அன்றே போடுங்கள். பூ இருந்த நுனியை 3 மில்லிமீட்டர் வெட்டிவிடுங்கள், காயை இளக்கும் நொதி அங்கேதான் தங்கியிருக்கும். திராட்சை இலை ஒன்றோ ஒரு சிட்டிகை தேயிலையோ சேர்த்தால் துவர்ப்பு காயின் மொறுமொறுப்பைக் காக்கும். காய் நீருக்கு மேல் தலைகாட்டக் கூடாது, கனமாக எதையாவது வைத்து அமுக்குங்கள். தினம் ஒருமுறை மூடியைத் தளர்த்தி வாயுவை விடுங்கள். 30 டிகிரிச் சூட்டில் மூன்றாம் நாளே ருசி பார்த்து, புளிப்பு பிடித்திருந்தால் குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள். நீர் கலங்குவது நல்ல அறிகுறி. மேலே தட்டையான வெள்ளை ஆடை படிந்தால் வழித்துவிடலாம். பஞ்சு போலவோ, பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பிலோ பூத்தால் முழு ஜாடியையும் கொட்டுங்கள், மேலாக எடுத்துவிட்டு மிச்சம் பிடிக்காதீர்கள்.

தக்காளியை வெயிலில் உலர்த்த வெப்பம் மட்டும் போதாது. 30 டிகிரிக்கு மேலும், காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழும் இருக்க வேண்டும். புழுக்கமான ஊர் என்றால் காய்வதற்குள் பூஞ்சை பிடிக்கும், அடுப்புச்சூட்டில் உலர்த்துவதே மேல். குட்டித் தக்காளியை இரண்டாக வெட்டி, வெட்டுமுகம் மேலே பார்க்க, லேசாக உப்புத் தூவி, மெல்லிய துணி மூடிக் காயவையுங்கள். இரவில் உள்ளே எடுத்துவிடுங்கள், பனியில் மறுபடி நனையும். வளைத்தால் தோல்வார் போல வளைந்து, அமுக்கினால் ஈரம் கசியாத பதத்தில் எடுத்து ஜாடியில் தளர்வாகப் போட்டு ஒரு வாரம் தினமும் குலுக்குங்கள். கண்ணாடியில் வியர்வை கண்டால் மறுபடி வெயிலுக்கு. எண்ணெயில் போட்டு வைக்க ஆசையாக இருந்தால் குளிர்பெட்டியில் மட்டும், கொஞ்சமாகப் போட்டுச் சில நாட்களில் முடித்துவிடுங்கள். பச்சைப் பூண்டை எண்ணெயில் முக்கி அலமாரியில் வைக்கவே வேண்டாம். காற்றில்லாத எண்ணெய்க்குள் போட்டுலினம் என்ற, பாக்டீரியா உண்டாக்கும் கொடிய நச்சு உருவாகலாம், அது வாசனையிலோ ருசியிலோ தெரியாது.