பர்கர் கடைகளில் உணவு எப்படி அத்தனை வேகமாக வருகிறது?

கொத்திய மாட்டிறைச்சியைத் தட்டையாகத் தட்டிச் சுட்டு, வட்ட ரொட்டிக்கு நடுவே வைத்துத் தருவதுதான் பர்கர். அதை முதலில் செய்தவர்கள் நாங்களே என்று அமெரிக்காவின் பல ஊர்கள் உரிமை கொண்டாடுகின்றன. அந்த வழக்கு இப்போதைக்குத் தீராது. பர்கர் சங்கிலிக் கடைகளின் தொடக்கம் தெளிவானது: 1921இல் கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் பிறந்த ஒயிட் காசில். கொத்திறைச்சி என்றாலே பலர் முகம் சுளித்த காலம் அது. அதனால் வெள்ளைச் சுவர், பளபளக்கும் எஃகு, கண்ணெதிரே சமையல் என்று சுத்தத்தையே விளம்பரமாக்கினார்கள். விலை 5 சென்ட்.

உண்மையான வேகம் 1948இல் வந்தது. கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் ரிச்சர்ட், மாரிஸ் மெக்டொனால்டு சகோதரர்கள், நன்றாக ஓடிக்கொண்டிருந்த தங்கள் கடையைச் சில மாதங்கள் மூடினார்கள். எப்பேர்ப்பட்ட துணிச்சல்! உணவுப் பட்டியலை 9 பண்டங்களாகச் சுருக்கி, வேலையைக் கூறுபோட்டார்கள். ஒருவர் இறைச்சி சுடுவார், இன்னொருவர் கெட்சப்பும் கடுகு சாஸும் இடுவார், மற்றொருவர் பொட்டலம் கட்டுவார். கல்யாணப் பந்தியில் சாம்பாருக்கு ஒருவர், ரசத்துக்கு ஒருவர் என்று நின்றால் இலைகள் மளமளவென்று நிறைகின்றன அல்லவா, அதே கணக்கு. பின்னர் புதிய கட்டடத்துக்காக, டென்னிஸ் மைதானத்தில் சாக்பீஸால் சமையலறையை வரைந்து, ஊழியர்களை அதற்குள் நடக்கவிட்டே அடுப்பின் இடத்தைக்கூட முடிவு செய்தார்கள்.

மெக்டொனால்ட்ஸைத் தொடங்கியவர் ரே கிராக் என்று பலர் நினைக்கிறார்கள். மில்க் ஷேக் இயந்திரம் விற்றுவந்த அவர் 1955இல் தம் முதல் கிளையைத் திறந்து, 1961இல்தான் சகோதரர்களிடமிருந்து நிறுவனத்தை விலைக்கு வாங்கினார்.