நீங்கள் பார்த்த படம், நான் பார்த்த படம்

அன்புள்ள சார்,

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சொந்த ஊர் மன்னார்குடி பக்கம். கல்லூரியில் ஒன்றாகப் படித்த எட்டுப் பேர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். வேலை, கல்யாணம் என்று ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்ட எங்களை இன்னும் பேச வைப்பது சினிமாதான். வெள்ளிக்கிழமை எவனாவது முதல் காட்சிக்குப் போய் இடைவேளையிலேயே "ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே" என்று போடுவான். அப்புறம் ராத்திரி வரைக்கும் ரகளைதான்.

2024 செப்டம்பரில் 'மெய்யழகன்' வந்தபோது முதல் நாள் இரவுக் காட்சிக்குத் தனியாகப் போனேன். அழுதுவிட்டேன் சார். வெளியே வந்ததும் "ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு நல்ல படம்" என்று குழுவில் எழுதினேன். "ரெண்டு பேர் மூணு மணி நேரம் பேசிக்கிட்டே இருக்கானுங்க, இதுல என்னடா அழுகை", "பூமர் அங்கிள்" என்று பதில் வந்தது. சில நாளில் படத்தில் 18 நிமிடம் வெட்டிவிட்டார்கள் என்று செய்தி. "பாத்தியா, டைரக்டரே ஒத்துக்கிட்டார்" என்றான் ஒருத்தன். அதோடு நான் படம் பற்றி எழுதுவதை நிறுத்திவிட்டேன். ஆனால் ஓடிடியில் வந்த பிறகு அதே ஆட்கள் "செம ஃபீல்டா" என்று ஸ்டேட்டஸ் வைத்தார்கள்!

இப்போது வரப்போகும் படங்களுக்குச் சண்டை போடுகிறார்கள். டீசரைப் பார்த்தே இது ஆயிரம் கோடி, இது ஊத்திக்கும் என்கிறார்கள். என் கேள்வி இதுதான். ஒரு படத்தைப் பற்றிய சரியான கருத்து எப்போது தெரியவரும்? முதல் நாளா, வெட்டிய பிறகா, ஓடிடியிலா? நீங்கள் எந்தப் படத்துக்குக் காத்திருக்கிறீர்கள்?

(பெயர் போட வேண்டாம். அந்த எட்டுப் பேரில் இரண்டு பேர் உங்களைப் படிக்கிறார்கள்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்த 'மெய்யழகன்' படத்தை நான் பார்க்கவில்லை.

நான் போனது இரண்டாவது வாரம். அதற்குள் வெட்டியாயிற்று. நீங்கள் பார்த்தது 177 நிமிடம், நான் பார்த்தது அதில் 18 குறைவு. உங்கள் நண்பர்கள் ஓடிடியில் பார்த்தபோது இதற்கும் மேலே ஒன்று மாறியிருக்கும்: நிறுத்தி நிறுத்திப் பார்த்திருப்பார்கள், நடுவில் எழுந்துபோய் ஒரு தோசை சாப்பிட்டிருப்பார்கள். மூன்று மணி நேரப் பேச்சைப் பொறுக்க முடியாதவருக்கு ஒரு மணி நேரமாக மூன்று நாள் பேசினால் பிடித்துப்போகலாம். ஆக ஒரே பெயரில் மூன்று படத்தைப் பார்த்துவிட்டு, ஒரே படத்தைப் பற்றிப் பேசுவதாக நினைத்துச் சண்டை போட்டிருக்கிறீர்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் கதையைக் கேளுங்கள். நான் போன தியேட்டரில் திரை மங்கலாக இருந்தது. அந்தப் படத்தின் பெரும்பகுதி இரவில் நடக்கிறது. கார்த்தியும் அரவிந்த்சாமியும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், எனக்கு ஒருவர் முகத்தில் பாதியும் மற்றவர் சட்டையும்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம், "கதை நல்லாத்தான் இருக்கு, ஆனா கேமராதான் சரியில்லை" என்று பெரிய விமர்சகர் மாதிரி சொன்னேன். பிறகு டிவியில் பார்த்தால் ஒவ்வொரு முகமும் தெளிவாக இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பழைய ஆபரேட்டரிடம் கேட்டேன். புரொஜெக்டர் விளக்குக்கு இத்தனை மணி நேரம்தான் ஆயுள் என்று கணக்கு உண்டு, செலவுக்குப் பயந்து அதைத் தாண்டியும் ஓட்டுவார்கள், சில இடங்களில் 3டி படத்துக்காகப் புரொஜெக்டரில் மாட்டிய லென்ஸைக் கழற்றாமல் சாதாரணப் படத்தையும் ஓட்டிவிடுவார்கள், இரண்டிலும் வெளிச்சம் குறையும் என்றார். ஒளிப்பதிவாளரைத் திட்டிய எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தத் தியேட்டர் எது என்று கேட்காதீர்கள், இனியும் அங்கேதான் படம் பார்த்தாக வேண்டும்.

"டைரக்டரே ஒத்துக்கிட்டார்" என்ற வாதத்துக்கு வருகிறேன். நீங்கள் பனியன் கம்பெனியில் இருப்பவர். வாங்குகிறவர் கேட்டார் என்று கழுத்தளவை அரை அங்குலம் மாற்றிக் கொடுப்பீர்கள். முதலில் தைத்தது தப்பு என்று அதற்கு அர்த்தமா? படம் நீளம் என்று பேச்சு கிளம்பியது, குறைத்தார்கள். அவ்வளவுதான். மூன்று மணி நேரப் படமென்றால் தியேட்டர்காரருக்கும் ஒரு நாளில் நான்கு காட்சியை அடைப்பது சிரமம்.

வெட்டுவதும் புதிதல்ல. எங்கள் ஊரில் இரண்டாவது ஆட்டம் பார்த்தவர்களுக்குச் சில படங்களில் ஒரு பாட்டே கிடையாது. ஆபரேட்டருக்குத் தூக்கம் வந்தால் சோகப் பாட்டு போய்விடும். முதல் ஆட்டம் பார்த்த என் மாமாவும் இரண்டாவது ஆட்டம் பார்த்த பக்கத்து வீட்டுக்காரரும் அப்படி ஒரு பாட்டு இருக்கிறதா இல்லையா என்று பந்தயம் கட்டியது எனக்கு நினைவிருக்கிறது. இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

எந்த நேரத்தில் கருத்து வருகிறது என்பதும் ஒரு வேடிக்கை. 2023 பொங்கலில் நள்ளிரவுக் காட்சிக் கொண்டாட்டத்தில் ஒரு ரசிகர் லாரியிலிருந்து விழுந்து இறந்துபோனார். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் எவ்வளவு பெரிய படத்துக்கும் காலை 9 மணிக்குத்தான் முதல் காட்சி என்றாகிவிட்டது. கேரளாவில் அதற்கு முன்பே தொடங்கிவிடுவார்கள். கோயம்புத்தூர்ப் பையன்கள் இருட்டோடு வாளையாரைத் தாண்டிப் பாலக்காட்டுக்குப் போய்ப் பார்க்கிறார்கள். நம் ஊரில் ஒருவர் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே "செகண்ட் ஹாஃப் லேக்" என்று செய்தி வந்துவிடும். அதைப் படித்துவிட்டு 9 மணிக்கு உட்காருகிறவர் இடைவேளை முடிந்ததும் லேக் எங்கே, லேக் எங்கே என்று தேடுவார். தேடினால் கிடைக்காமலா போகும்!

இந்த 'லேக்' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. என் இளவயதில் 'அறுவை' என்போம். பிறகு 'ஜவ்வு', அப்புறம் 'மொக்கை', இப்போது 'லேக்', 'கிரிஞ்ச்'. இதில் அறுவையில் வலி இருந்தது, ஜவ்வில் பல்லில் ஒட்டுவது இருந்தது. லேக்கில் ஒன்றுமே இல்லை, இன்டர்நெட் சரியில்லை என்பது மாதிரி இருக்கிறது.

முதல் நாள் கருத்தைத் தடுக்க வேண்டும் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனமே வரக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது. சரியான முடிவு. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவன் வாசலில் நின்று நாலு வார்த்தை சொல்லாமல் எங்கே போய்ச் சொல்வான்? சொல்லட்டும். அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு நீங்கள் வாயை மூடிக்கொண்டதில்தான் எனக்கு வருத்தம்.

தீர்ப்பு என்றதும், ஆனந்த விகடன் விமர்சனத்தில் படங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று போட்ட மார்க் ஞாபகம் வருகிறது. எங்கள் வீட்டில் படம் பார்க்கலாமா வேண்டாமா என்பதை அதுதான் முடிவு செய்யும். நாற்பதைத் தாண்டினால் அப்பா சட்டையை மாட்டுவார். 42க்கும் 43க்கும் என்ன வித்தியாசம், அந்த ஒரு மார்க் எதற்குப் போயிற்று என்று டீக்கடையில் பெரிய மனிதர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். '16 வயதினிலே' 62½ வாங்கியதை இன்றைக்கும் ஏதோ தன் மகன் வாங்கிய மார்க் மாதிரி சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால், அந்த டீக்கடையில் மார்க் ஒரு சாக்குதான். "அந்த ஒரு மார்க் ஏன் குறைஞ்சுதுன்னா..." என்று ஆரம்பித்து ஒருவர் ஒரு காட்சியை முழுதாக நடித்தே காட்டிவிடுவார். பார்க்காத படத்தை நான் அப்படித்தான் பார்த்தேன். இப்போது மார்க் மட்டும் மிஞ்சியிருக்கிறது, அந்த நடித்துக் காட்டுகிறவரைக் காணோம்.

சரி, நாள் கழிந்தால் சரியான கருத்து வந்துவிடுமா? 'அன்பே சிவம்' 2003 பொங்கலுக்கு வந்தது, ஓடவில்லை. பிறகு டிவியில் போடப் போட அதைக் கொண்டாடாத ஆள் இல்லை. இதைக் காட்டி, முதல் நாள் பார்த்தவர்கள் முட்டாள்கள் என்று பேசுவது இப்போது ஒரு வழக்கம். நான் அதை ஏற்பதில்லை. பொங்கலன்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு போனவருக்கு விசில் அடிக்க ஒரு படம் வேண்டியிருந்தது. முகமெல்லாம் தையலோடு சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட கமலை அவர் அன்றைக்கு எதிர்பார்க்கவில்லை. அதே மனிதர் பத்து வருடம் கழித்து ஒரு ஞாயிறு மதியம் படுத்துக்கொண்டு பார்க்கும்போது, வாழ்க்கையில் இரண்டு அடி வாங்கியிருப்பார். படம் அப்படியேதான் இருந்தது, பார்த்தவர் வேறு ஆள். இரண்டு கருத்தும் அவருடையதுதான், இரண்டுமே அந்தந்த நாளுக்குச் சரி. உங்கள் நண்பர்களின் "செம ஃபீல்டா"வையும் இப்படித்தான் எடுத்துக்கொள்ளுங்கள். "அன்னைக்கே சொன்னேனே" என்று ஸ்கிரீன்ஷாட்டைத் தேடி எடுக்காதீர்கள்.

உங்கள் பக்கத்திலும் ஒரு குறை இருக்கிறது, சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். "ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு நல்ல படம்" என்று எழுதினீர்கள். அதுவும் மார்க்தானே? அழுதேன் என்று எனக்கு எழுதியவர் எந்த இடத்தில் அழுதேன் என்று எனக்கும் எழுதவில்லை, அவர்களுக்கும் எழுதவில்லை. நல்ல படம் என்று ஒருவர் சொன்னால் இல்லை என்று சொல்லத்தான் தோன்றும். நான் என்னுடையதைச் சொல்கிறேன். மேடையில் கல்யாணப் பெண் நிற்கிறாள். வருடக்கணக்கில் ஊர்ப்பக்கம் வராத அண்ணன், முறைக்கு வந்தோம், கொடுத்தோம், கிளம்பினோம் என்று பரிசைக் கொடுத்துவிட்டு இறங்கப் பார்க்கிறார். அவள் அங்கேயே பிரித்து, அவரையே போட்டுவிடச் சொல்கிறாள். அவள் காலில் கொலுசு மாட்டும்போது அரவிந்த்சாமியின் முகம் கலங்குகிறது. எனக்கு என் தங்கையின் கல்யாணம் ஞாபகம் வந்தது. அன்று நான் பந்தியில் நின்று சாம்பார் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், மேடைக்கே போகவில்லை. இதைக் குழுவில் எழுதிப் பாருங்கள், எவனும் பூமர் என்று சொல்ல மாட்டான். ஒருத்தனாவது தன் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றி எழுதுவான்.

பிடிக்காததையும் அப்படியே சொல்லலாம். வெட்டிய பிறகும்கூட அந்த இரவுப் பேச்சில் ஓர் இடத்தில் எனக்குக் கவனம் கலைந்தது. பாத்திரங்கள் பேசுவது நின்று இயக்குநர் பேசத் தொடங்கியது போல இருந்தது. ஆனால் அந்த சைக்கிள் கதை வந்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். ஊரைவிட்டுப் போகும்போது ஒரு குடும்பம் விட்டுப்போன பழைய சைக்கிள் இன்னொரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது, விட்டுப்போனவருக்கு அது தெரியவே தெரியாது என்பது எனக்கு எந்த வசனத்தையும்விடப் பெரிதாகப் பட்டது.

எந்தப் படத்துக்குக் காத்திருக்கிறேன் என்று கேட்டீர்கள். 'மெய்யழகன்' இயக்குநர் பிரேம்குமார் அடுத்து எதை எடுத்தாலும் பார்ப்பேன். ஒரு சின்ன ஆர்வம் காரணம். 2012இல் வந்த 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' படத்துக்கு ஒளிப்பதிவாளர் இவர்தான். கிரிக்கெட் ஆடும்போது தலையில் அடிபட்டுக் கல்யாணத்தையே மறந்துபோன மாப்பிள்ளையின் கதை அது, இவருக்கே நடந்ததை வைத்து எடுத்தது. பிறகு இவர் இயக்கிய '96' படத்தில் ஒருவன் பள்ளிக்கூட நாளில் ஒன்றைக்கூட மறக்காமல் வைத்திருக்கிறான். 'மெய்யழகன்' படத்தில் தன்மீது இவ்வளவு அன்பு வைத்திருப்பவனின் பெயர் ஒருவருக்கு ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. மறதி இந்த மனிதரை விடவே மாட்டேன் என்கிறது, பாருங்கள். அது அடுத்து எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மற்றபடி நான் டீசர், டிரெய்லர் பார்ப்பதை விட்டு வருஷமாயிற்று. ஒரு காலத்தில் படம் வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே பாட்டு கேசட் வந்துவிடும். ஒரு மழைப் பாட்டைத் தேயத் தேயக் கேட்டு, எங்கள் ஊர் ஆற்றுப்பாலத்தில் வைத்து அதை நான் மனதுக்குள் எடுத்து முடித்துவிட்டேன். தியேட்டரில் பார்த்தால் அவர்கள் ஏதோ வெளிநாட்டுப் பனிமலையில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். "ஏமாத்திட்டாங்க" என்று கத்திக்கொண்டு வந்தேன். யார் ஏமாற்றியது? அவர்கள் எடுத்த படத்தை நான் பார்க்கவே இல்லை, என் பாலத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். உங்கள் நண்பர்கள் இப்போது சண்டை போடுவதும் அவரவர் மனதில் எடுத்து வைத்திருக்கும் படத்துக்காகத்தான். அதில் நீங்கள் போய் நியாயம் சொல்ல முடியாது. படம் வரட்டும்.

ஒரு உதவி செய்யுங்கள். அந்த வெட்டிய 18 நிமிடத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், நான் பார்க்கவில்லை. அதில் என்ன இருந்தது, எதில் நீங்கள் அழுதீர்கள் என்று நினைவிருந்தால் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.